இன்னொருவர் பதிந்து வைத்த கலவைக் கேசட்டைக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடை இருந்தது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன்னிடம் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து காலி கேசட்டில் அடித்துத் தருவார். அப்படி வந்த கேசட்டுகளும், வீட்டிலேயே ரேடியோவிலிருந்து பிடித்தவையும் இப்போது பரணிலிருந்து இறங்குகின்றன. அப்பாவுடையது, சித்தியுடையது, பழைய சாமான் கடையில் பத்தோடு பதினொன்றாகக் கிடைத்தது என்று பெரும்பாலும் வேறு யாராவது கைக்குத்தான் அவை வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்க உட்காருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

நேராக டேப்பில் போட்டுக் கேட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நடு ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். பழுப்பு நாடாவின் ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பின் ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் உலோகத் தலை) ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்து, நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் ஒரு சின்னச் செப்புத் தகடும் அதன்மேல் கம்பளித் துண்டு ஒன்றும் இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அந்தத் துண்டு விழுந்துவிட்டால் பாட்டு வரும், போகும், ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும். நாடா கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கேசட்டுகளைத்தான். திருகாணி போட்ட கூடு என்றால் ஐந்து திருகாணியையும் கழற்றி, உதவாத வேறொரு கேசட்டின் தகட்டை எடுத்து மாட்டிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் மெல்லப் பிளந்து, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கித் திருகாணிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். உள்ளே இருக்கும் குட்டி உருளைகள் தரையில் விழுந்தால் கிடைக்காது.

கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அவை இன்னும் உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். பல் இருக்கும்வரை, பதியும் சிவப்புப் பொத்தானும் சேர்ந்து கை தவறி அமுங்கினால் நாற்பது வருஷப் பாட்டு அந்த நொடியே அழிய ஆரம்பிக்கும்.

பிறகு பென்சிலை விட்டு நாலு சுற்று சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளங்கையில் இரண்டு தட்டு. அப்புறம் டேப்பில் போட்டு ஒரு முறை கடைசிவரை ஃபார்வர்டு, ஒரு முறை ரீவைண்ட். அதன் பிறகுதான் பாட்டு.

எந்த டேப்பில் கேட்பது?

இன்று புதிதாக விற்கும் மலிவான கேசட் பிளேயர்களில் மோட்டார் ஓட்டம் சீராக இருப்பதில்லை. வீணையும் புல்லாங்குழலும் அதில் நடுங்கும். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன்னோ, ஸ்டீரியோவோடு இணைக்கும் கேசட் டெக்கோ வீட்டில் இருந்தால் அதைச் சரி செய்வது மேல். பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், அல்லது தார் மாதிரி உருகியிருக்கும். பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக் சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு சுற்றிய குச்சியும் போதும். சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் மற்றவை படிந்துவிடும்.

பிள்ளையார் பாட்டு, அடுத்து டிஸ்கோ, அடுத்து சோகப் பாட்டு. ஒரு ஒழுங்கே இல்லையே, இதை எப்படிக் கேட்பது?

ஒழுங்கு இல்லை என்று முடிவு கட்டும் முன் ஒரு பக்கத்தை முழுசாகக் கேளுங்கள். போனைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதக்கூடச் செய்யாமல், அரை மணி நேரம். குறிப்பெடுப்பதெல்லாம் இரண்டாம் தடவை.

என்னிடம் உள்ள ஓர் அறுபது நிமிஷக் கேசட்டைச் சொல்கிறேன். ஏ பக்கம் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்குகிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி முதல் பஸ் டிரைவர் வரை பாட்டு போடுகிற யாரும் முதலில் வைப்பது அதைத்தான், ஆச்சரியமில்லை. மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல் நாகூர் ஹனிபா வருகிறார். அவர் முடிந்ததும் ஒரு 'டொக்'. அந்த டொக்குக்கு அப்புறம் பின்னணியில் இருக்கும் இரைச்சலின் நிறமே மாறுகிறது: முன்பு 'உஸ்ஸ்' என்று மெல்லிசாக இருந்தது இப்போது கரகரக்கிறது. அதாவது இங்கிருந்து வேறு நாள், அல்லது வேறு தட்டு. பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலில் பழைய மெல்லிசை ஒன்று, தட்டின் கீறல் சுற்றுக்கு ஒரு தரம் 'டக் டக்' என்று தாளம் போடுகிறது. அது முடிந்த கையோடு போனி எம் என்ற மேல்நாட்டு டிஸ்கோ குழு, சத்தம் இரண்டு மடங்கு. ஸ்பீக்கர் அதிர்கிறது. அது தட்டிலிருந்து வந்ததில்லை, இன்னொரு கேசட்டிலிருந்து கேசட்டுக்கு அடித்தது. கடைசியில் இளையராஜா பாட்டு இரண்டு, மிச்ச இடத்தில் ஒரு நிமிஷம் நாதஸ்வரம், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடா முடிகிறது.

பாட்டுகளை மட்டும் கேட்டால் இது குப்பைக்கூடை. சேரும் இடங்களைக் கேட்டால் ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரிகிறது. எங்கே ஒரே மூச்சில் பதிந்தார், எங்கே கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப வந்தார், எதை எங்கிருந்தோ கடன் வாங்கினார் என்பதெல்லாம் அந்த டொக்குகளிலும் இரைச்சல் மாற்றத்திலும்தான் இருக்கிறது. அதனால்தான் வரிசையைக் கலைக்காமல், பாட்டைத் தாண்டாமல் கேளுங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. காலி கேசட் வீட்டுக்கு ஒன்றிரண்டுதான் வாங்குவார்கள். அதில் பாட்டிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, காலேஜ் போகும் அத்தைக்கு ஒன்று என்று பங்கு பிரியும். இவருக்கு இவ்வளவு விசித்திரமான ரசனையா என்று நீங்கள் வியக்கும் கேசட், உண்மையில் ஒரு வீட்டின் சமாதான ஒப்பந்தமாக இருக்கலாம்.

அப்பா அம்மாவுக்காகப் பதிந்ததாம். பாட்டு வரிசையில் ஏதாவது சேதி வைத்திருப்பாரா?

வைத்திருக்கலாம். ஆனால் வரி வரியாகப் பொருள் தேடும் முன் கடைக்காரரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் அடித்த கேசட்டுக்கு ஒருவர் மட்டும் சொந்தக்காரர் இல்லை. பட்டியல் எழுதியவர் ஒருவர். அந்தப் பாட்டு கைவசம் இல்லாவிட்டால் 'அதே படத்துல இது இருக்கு, இதான் இப்ப ஹிட்டு' என்று வேறொன்றைப் போட்டவர் இரண்டாமவர். மூன்றாவது, நாடாவின் நீளம். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு என்றால் ஆறு முழுசாக உட்காரும், மூன்று நிமிஷம் மிஞ்சும். அந்த மூன்று நிமிஷத்தில் என்ன போடுவது என்று பெரும்பாலும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கடைக்காரர் கைக்கு எட்டிய தட்டில் இருக்கும் சின்னப் பாட்டோ, இசைத் துணுக்கோ அங்கே போய் உட்காரும். ஏ பக்கக் கடைசிப் பாட்டை வைத்து அப்பாவின் மனநிலையைக் கணிக்கிறவர்கள் அந்தக் கடைக்காரரின் மனநிலையைத்தான் கணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேதி தேடுவதென்றால் ஒவ்வொரு பக்கத்தின் முதல் இரண்டு பாட்டிலும், இரண்டு தடவை வரும் பாட்டிலும் தேடுங்கள். பட்டியலில் முதலில் எழுதுவது ஆசைப்பட்டதை. ஒரே பாட்டு இரண்டு பக்கத்திலும் இருந்தால் அது தற்செயல் இல்லை, யாரோ ரீவைண்ட் செய்யப் பொறுமை இல்லாதவர் கேட்டு வாங்கியது. எதிரொலி அளவுக்கு மீறி இருந்தாலோ, பேஸ் தூக்கலாக இருந்தாலோ அதற்கும் அப்பா பொறுப்பில்லை. ஈக்வலைசரில் விளையாடுவது கடைகளின் முத்திரையாகவே இருந்தது.

பதிந்தவர் இன்னும் நம்மோடு இருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது?

'ஏன் இந்தப் பாட்டு?' என்று ஆரம்பித்தால் 'சும்மாதான்' என்று பதில் வரும். எந்தக் கடை, கடை எங்கே இருந்தது, கேட்டும் கிடைக்காத பாட்டு எது, கேசட் கைக்கு வர எத்தனை நாள் நடக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். பாட்டை மறந்தவர்கள்கூடக் கடையை மறப்பதில்லை. அட்டையில் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதியது கடைப் பையனா அவரா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதை வைத்து வீட்டில் இருக்கும் மற்ற கேசட்டுகளைப் பிரிக்கலாம்.

எப்போது பதிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருப்பதிலேயே புதிய பாட்டைப் பிடியுங்கள். அதற்கு முன்னால் பதிந்திருக்க முடியாது. இளையராஜா இருந்தால் 1976-க்குப் பிறகு, ஏ.ஆர். ரகுமானின் படப் பாட்டு இருந்தால் 1992-க்குப் பிறகு. ஆனால் கேசட் முழுதுக்கும் ஒரே தேதி போட்டுவிடாதீர்கள். ஏ பக்கம் ஒரு வருஷம், பி பக்கம் மூன்று வருஷம் கழித்து என்பதெல்லாம் சாதாரணம். டிடிகே, சோனி, டி-சீரிஸ் என்று காலி கேசட் கம்பெனிகள் அவ்வப்போது மேலுறையின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தன. சேகரிப்பவர்களிடம் காட்டினால் ஏறக்குறையக் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பாட்டு பாதியில் நின்று மறுபடி வருகிறது. நாடா பழுதா?

எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கம் முடியும் இடத்தில் அறுந்தால், இடம் போதவில்லை, அவ்வளவுதான். பாட்டின் நடுவே, அதுவும் 1950-களுக்கு முந்தைய பாட்டாக இருந்து, சுத்தமாக நின்று சில வினாடி கழித்துத் தொடர்ந்தால் அது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டின் வேலை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். நீளமான பாட்டைப் பாதியாக வெட்டி மறுபக்கத்தில் வைப்பார்கள். பதிந்தவர் தட்டைத் திருப்பிப் போட்ட நேரம்தான் நீங்கள் கேட்கும் அந்த வெற்றிடம். கணினியில் ஏற்றும்போது தயவு செய்து அதை ஒட்ட வைக்காதீர்கள்.

ரேடியோவில் பிடித்த பாட்டு என்றால் தொடக்கம்தான் காணாமல் போயிருக்கும். அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும், பல்லவியின் முதல் வார்த்தை அதற்குள் போய்விடும். இலங்கை வானொலியிலிருந்து பிடித்தவற்றில் சில வேளை அறிவிப்பாளரின் குரல் ஒரு துண்டு மாட்டியிருக்கும். பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா போன்றவர்களின் குரல் அரை வரி கிடைத்தாலும் பாட்டை விட அதற்குத்தான் மதிப்பு என்பேன். அலை ஏறி இறங்குவதும் பக்கத்து நிலையம் உள்ளே நுழைவதும் மீடியம் வேவின் குணம், உங்கள் டேப்பின் குறை இல்லை.

பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அதே பாட்டு மெலிதாகக் கேட்கிறது. இது என்ன பேய்?

சுருளாகச் சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் லேசாக அச்சு விழும். அதனால் பாட்டு தொடங்க ஒன்றரை முதல் மூன்று வினாடிக்கு முன்னால் அதன் நிழல் வரும். அமைதிக்குப் பிறகு சட்டென்று எடுக்கும் பாட்டுகளில் நன்றாகத் தெரியும். கேட்பதற்கு முன் ஓரிரு தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் கொஞ்சம் குறையும். தொண்ணூறு, நூற்றிருபது நிமிஷக் கேசட்டுகளில் நாடா இன்னும் மெல்லியது, நிழலும் கூடுதல்.

சத்தம் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. சரி செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஹெட்டைத் துடைத்த பிறகும் அப்படியே இருந்தால் முதலில் டால்பி (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) பொத்தானை அணைத்துப் பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால் ஜால்ரா, சலங்கை எல்லாம் அமுங்கிப் போகும். கடைக் கேசட்டுகள் பெரும்பாலும் அது இல்லாமல் பதிந்தவைதான்.

அடுத்த சந்தேகம் ஹெட்டின் சாய்வு. 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த இந்த நாடாவின் அகலமே 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு தடம் ஓடுகிறது. பதிந்த டெக்கின் ஹெட்டும் கேட்கிற டெக்கின் ஹெட்டும் ஒரு மயிரிழை கோணம் மாறியிருந்தாலும் மேல்ஸ்தாயி செத்துவிடும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே காந்தம் ஏறாத சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படி இப்படித் திருப்புங்கள். ஓர் இடத்தில் திரை விலகினாற்போல் தாளக் கருவிகள் பளிச்சென்று எழுந்து வரும். அங்கே நிறுத்துங்கள். வேறு கடையில் அடித்த கேசட்டுக்கு வேறு இடம். ஒரே கேசட்டில் நடுவே டொக்கென்று மாறும் பாட்டுக்கும் சில சமயம் வேறு இடம் வரும். அதுவும் இரண்டு வேறு டெக்குகளில் பதிந்ததற்குச் சாட்சி.

பாட்டு வேகமாக ஓடுகிறது. எஸ்.பி.பி. குரல் சின்னப் பையன் மாதிரி இருக்கிறது.

டெக் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். உங்கள் டேப்பா, பதிந்த டேப்பா என்று பார்க்க, கம்பெனி வெளியிட்ட வேறொரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால் குற்றம் பதிந்த இடத்தில். கணினியில் வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் திருத்தாத பிரதி ஒன்றும் இருக்கட்டும். அந்த வீட்டில் இருபது வருஷம் அந்த வேகத்தில்தான் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

பிடிக்காத பாட்டைத் தாண்டலாமா?

இரண்டாம் தடவையிலிருந்து தாராளமாக.

நடுவில் யாரோ பேசுகிறார்கள். கேட்கலாமா?

பாட்டு முடிந்த மிச்சத்தில் குழந்தையைப் பாட வைத்தது, டேப் வாங்கிய புதிதில் 'ஹலோ, ஹலோ' சொல்லிப் பார்த்தது என்றால் கேளுங்கள், சிரியுங்கள். ஆனால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும் ஊரில் இருந்த அவர்கள் வீட்டாரும் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்ட காலம் அது. அந்தக் கேசட்டுகள் பிறகு பாட்டுக் கேசட்டாக மாறியதும் உண்டு. புதுப் பதிவு முடிந்த இடத்தில் பழைய பேச்சு தலை காட்டும். குடும்பத்துக்கு வெளியே வாங்கிய கேசட்டில் அப்படி வந்தால் நான் நிறுத்திவிடுவேன். உங்கள் குடும்பத்துக் கேசட் என்றால், பேசியவர் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கேளுங்கள். பத்து பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் முதல் தடவையாக ஓடவிடாதீர்கள். வீட்டுச் சண்டை, கடன், வரன் பார்த்த கதை எதுவும் அதில் இருக்கலாம்.

இதே பாட்டுகளைப் போனில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டால் போதாதா?

பாட்டு வேண்டும் என்றால் போதும். சுத்தமாகவும் இருக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: படத்தில் வந்த வடிவம் ஒன்று, தட்டில் வெளியானது ஒன்று என்று பல பாட்டுகளுக்கு இரண்டு உண்டு. ஒன்றில் சரணம் கூடுதலாக இருக்கும். செயலியில் கிடைப்பது உங்கள் கேசட்டில் இருப்பதுதானா என்பது கடைசிவரை கேட்டால்தான் தெரியும். அப்புறம், செயலியில் ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால் விரல் தானாகப் போய்விடும். கேசட்டில் அது அவ்வளவு எளிதில்லை. ஹனிபாவைத் தாண்ட முடியாமல் கேட்டுக் கேட்டு அவர் பாட்டை மனப்பாடமாகப் பாடும் மார்கழி பஜனைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அட்டையில் எழுதியது ஒன்று, வருவது வேறு?

அட்டை மாறியிருக்கலாம், அல்லது எழுதியது பட்டியலைப் பார்த்து, பதிந்தது கையிருப்பைப் பார்த்து. இரண்டையும் அப்படியே குறித்து வையுங்கள். அடித்துத் திருத்த வேண்டாம்.

கணினிக்கு எப்படி மாற்றுவது?

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து, அது இல்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து, கணினியின் லைன்-இன்னுக்கோ சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டிக்கோ ஒரு வயர். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தால் ஓர் அறுபது நிமிஷக் கேசட் சுமார் ஒரு ஜிபி வரும். அதிகச் சத்தமான பாட்டை முதலில் ஓட்டிப் பார்த்து அளவு வையுங்கள் (என் கேசட்டில் அது போனி எம்). ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு. பாட்டு பாட்டாக வெட்டுவதென்றால் அது பிரதியில் மட்டும். இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போட்டால் தம்புராவும் சேர்ந்து போய்விடும், கவனம். அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

மாற்றியதை யூடியூபில் ஏற்றலாமா?

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை வெளியான பிறகு 60 வருஷம் நிற்கும். உங்கள் கேசட்டில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் இன்னும் அதற்குள்தான் இருக்கும். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் பேச்சு இருக்கும் பகுதியை எந்த நிலையிலும் ஏற்ற வேண்டாம்.

பி பக்கக் கடைசியில் பத்து நிமிஷம் காலி. நான் ஒரு பாட்டு சேர்க்கலாமா?

காலி என்று எப்படித் தெரியும்? ஃபார்வர்டு செய்து பார்க்காமல் அந்தப் பத்து நிமிஷத்தையும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஏழாவது நிமிஷத்தில் அறுந்த பாட்டு ஒன்று வரலாம். உண்மையிலேயே ஒன்றும் இல்லை, முழுசாகக் கணினிக்கும் மாற்றியாயிற்று, கேசட்டும் உங்கள் வீட்டுடையதுதான் என்றால், உடைத்த பல்லின் ஓட்டையை ஒட்டுத்தாளால் மூடிவிட்டுச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பலர் முகம் சுளிப்பார்கள், கேசட்டை அருங்காட்சியகப் பொருளாகப் பார்க்கிறவர்கள். அது வீட்டில் எல்லாரும் கை வைத்த பொருள். சேர்த்தால் அட்டையில் வேறு நிற மையில் பாட்டின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒன்றே ஒன்று, பழைய பாட்டு முடிந்து ஐந்து வினாடியாவது விட்டுத் தொடங்குங்கள்.